பேத்தியும் எட்டு ஜி.பி.யும்

ரேம் என்பது ஆபீஸ் மேஜை மாதிரி சார். சின்னதாயிருந்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பீரோவுக்கு எழுந்து போக வேண்டும். கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்குக்கு நடையாய் நடக்கும்.

ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் நாலு ஜி.பி.தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நியூஜெர்ஸி பேத்தி 'தாத்தா' என்று வாயைத் திறந்தால் பாதியில் உறைந்துவிடுவாள். அப்பா அந்த உறைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2025 டிசம்பரில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். விலை கேட்டதும் தலை சுற்றியது. "ஆறு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா சார்? ஏ.ஐ.காரங்க மொத்தமா அள்ளிட்டுப் போறாங்க!" உண்மைதான். சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும்தான் உலகத்து ரேமில் பெரும்பகுதியைச் செய்கின்றன. பணக்காரப் பந்தி முடிந்த பிறகுதான் நமக்கு இலை.

1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்து, சிப்பை மூடும் பிசினுக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் விலை இப்படித்தான் எகிறியது. அப்புறம் இறங்கியது.

"இறங்கட்டும்டா, எனக்கென்ன அவசரம்?" என்றார் அப்பா. என் பி.காம். மூளையும் அதையேதான் சொன்னது. ஆனால் பேத்தி அதுவரை மூணு வயசாகவே இருக்க மாட்டாளே! செகண்ட்ஹாண்டில் இன்னொரு நாலு ஜி.பி. வாங்கிச் செருகினேன்.

அடுத்த ஞாயிறு அவள் உறையவே இல்லை. அப்பா என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு வேகமாவாடா பேசறா? ஒண்ணுமே புரியலையே!"