பெஞ்சினா: கடல் நடுவே ஓர் அடிமைச் சிறை



இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், அரஃபுரா கடலில், ஆரூ என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. அங்குள்ள சிறு துறைமுகமே பெஞ்சினா. 2015-ஆம் ஆண்டுக்கு முன் அவ்வூரை வெளியுலகில் அறிந்தோர் மிகச் சிலரே. அவ்வாண்டு மார்ச் மாதம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தி உலகை உலுக்கிற்று.

மியான்மாரின் ஏழை இளைஞர்கள், தாய்லாந்தில் வேலை என்று ஏமாற்றப்பட்டு, மீன்பிடிப் படகுகளில் அங்கே கொண்டு செல்லப்பட்டிருந்தனர். நாளொன்றுக்கு 20 மணி நேரத்திற்கும் மேலான உழைப்பு. களைத்தவருக்குத் திருக்கைவால் அடி. கூலியோ சொற்பம், சிலருக்கு அதுவும் இல்லை. தப்பிவிடுவர் என்று ஐயுற்றோரை அடைக்க ஒரு கூண்டும் இருந்தது. இடுகாட்டில் 60-க்கும் மேற்பட்ட சமாதிகள் இருந்தன. அவற்றுள் பலவற்றில் இருந்தது இறந்தவரின் சொந்தப் பெயரன்று. பொய் ஆவணத்தில் சூட்டப்பட்ட பெயர். பெற்ற தாய் தேடி வந்தாலும் மகனின் சமாதியை அறிய இயலாது!

அம்மீனை ஏற்றிச் சென்ற கப்பலை, செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு, தாய்லாந்தின் சமுத் சாக்கோன் வரை நிருபர்கள் பின்தொடர்ந்தனர். அங்கிருந்து அது அமெரிக்கச் சந்தைக்கும் சென்றது. இச்செய்திகளின் விளைவாக 2,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர்.

இத்தகைய கொடுமை எவ்வாறு மறைந்திருக்கிறது என்று நீங்கள் வினவலாம். நடுக்கடலிலேயே குளிர்சாதனக் கப்பல் மீனைப் பெற்றுக்கொண்டு, எரிபொருளும் உணவும் தந்துவிடும். படகு மாதக்கணக்கில் கரை காண்பதில்லை. தொழிலாளி எந்த அதிகாரியையும் காண்பதில்லை.

ஆயினும் படகின் போக்கே அதைக் காட்டிக் கொடுக்கிறது. நெடுங்காலம் கரை ஒதுங்காமை, நாளில் அளவு கடந்த நேரம் மீன்பிடித்தல், துறைமுகத்திலிருந்து வெகுதொலைவு விலகியிருத்தல் ஆகியவை அடையாளங்கள். இவற்றைக் கொண்டு சுமார் 16,000 படகுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. அவற்றுள் 14 முதல் 26 விழுக்காடு வரை கட்டாய உழைப்பு நடந்திருக்கக் கூடியவை என அது கணித்தது.

ஆனால் செயற்கைக்கோள் படகைக் காணுமேயன்றி மனிதனைக் காணாது. அது காட்டுவது சந்தேகம் மட்டுமே. படகு கரை சேரும்போது, தொழிலாளியைத் தலைவனிடமிருந்து தனியே அழைத்து, அவன் தாய்மொழியிலேயே விசாரிக்க வேண்டும். கூலி கைக்கு வந்ததா? ஆவணம் யாரிடம் உள்ளது? கடன் எவ்வளவு? ஊர் திரும்ப அனுமதி உண்டா? இவையே கேட்க வேண்டிய கேள்விகள். அனைத்திற்கும் முன்னதாக, உன் சொந்தப் பெயர் என்ன என்று கேட்க வேண்டும். பெஞ்சினாவில் மாண்டவர்களிடம் அதை எவரும் கேட்கவில்லை.