சாரல்ல நமத்துப் போகாத இறக்கை

பி.காம் படிக்கிறவனுக்கு இறக்கை எதுக்குன்னு கேட்காதீங்க. இது முழுக்க கிராம் கணக்கு. நம்ம துறைதான் :-)

ராக்கெட் கிளைடர்னா மேலே போகும்போது ராக்கெட், இறங்கும்போது விமானம். 2016 மே 23 அன்னைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ விட்ட ஆர்.எல்.வி-டி.டி இந்த வகைதான். சுமார் 65 கிலோமீட்டர் உயரம் போய், இறக்கையோட வங்காள விரிகுடாவுக்கு இறங்கிச்சு. பொம்மை அளவுல செய்யறவங்க பால்சா மரத்துல செய்வாங்க. வெளிநாட்டுல அதுக்குன்னு சின்ன மருந்து மோட்டார் விக்கறாங்க. இங்கே வெடிபொருள் சட்டம் குறுக்கே நிக்கும். அதனால நான் ஏத்தறது கவட்டை ரப்பர்ல. இறக்கை வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

பால்சா தென் அமெரிக்க மரம், நம்ம இலவ மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். பல காற்றாலை இறக்கைகளுக்கு உள்ளேயும் இதுதான் இருக்கு. 36 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1/8 அங்குல கனத்துல ஒரு பலகை 22 கிராம் இருக்கும். அதே அளவுல இன்னொண்ணு 44 கிராம் இருக்கும். ரெண்டுக்கும் விலை ஒண்ணுதான்! அதனால தராசு இல்லாம வாங்காதீங்க. ரெண்டு பக்க இறக்கையையும் ஒரே பலகையில வெட்டுங்க. மரத்தோட ரேகை இறக்கை நீளத்துக்கு ஓடணும். முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிசாக்கி உப்புத்தாள் போடணும். நடுவுல ஒட்டும்போது ரெண்டு நுனியும் கொஞ்சம் மேலே தூக்கி இருக்கணும். அப்பத்தான் சாய்ஞ்சா தானா நிமிரும்.

இதெல்லாம் எந்த ஊர்லயும் செய்யலாம். ஐந்தருவி பக்கம் வில்லங்கமே அதுக்கப்புறம்தான். ஜூன் பிறந்தா சாரல். டப்பாவுல இருக்கிற அப்பளமே நமத்துப் போற ஊர்ல, பால்சா சும்மா இருக்குமா? ஈரத்தைக் குடிச்சு முறுக்கிக்கும். இறக்கை கொஞ்சம் முறுக்கினாலும் கிளைடர் வட்டம் போட்டு மூக்கால தரையில குத்தும்.

அதுக்கு மருந்து, ஹார்டுவேர் கடையில கிடைக்கிற என்.சி. சாண்டிங் சீலர். எங்க தெரு ஆசாரி அண்ணாச்சி சொன்னாரு: "சாரல் விழும்போது அடிக்காதடே, வெள்ளையாப் பூத்துரும்." காரணம் இருக்கு. தின்னர் வேகமா ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காத்துல இருக்கிற ஈரம் அந்தப் பூச்சுல படிஞ்சு வெளுத்துடும். வெயில் எட்டிப் பார்க்கிற மதியம்தான் நல்ல நேரம். ஜன்னலைத் திறந்து வைங்க, அடுப்புப் பக்கம் போகாதீங்க. தின்னர் குப்புன்னு பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு. ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பூச்சு காயும்போது சுருங்கி மரத்தை இழுக்கும், அடிக்காத பக்கம் ஈரத்துல உப்பும். அதனால ரெண்டு பக்கத்தையும் ஒரே நாள்ல, ஒரே அளவுல, மெலிசா ரெண்டு தடவை அடிங்க. காய்ஞ்சதும் 400 நம்பர் தாள்ல தேய்ச்சு எடுங்க. மரத்தோட துளை மூடினா போதும், பளபளப்பு வேண்டாம். பளபளப்பெல்லாம் எடை.

பூசாம விட்டா எடை மிச்சமாச்சேன்னு தோணும். இஸ்ரோவும் ஆர்.எல்.வி மேல வெப்பம் தாங்குற சிலிக்கா ஓட்டை ஒட்டி, எடையைச் சுமந்துதான் அனுப்பிச்சு. திரும்பி இறங்கணுமே! இங்கே வெப்பத்துக்குப் பதிலா ஈரம், அவ்வளவுதான். என் கணக்குல பூச்சு வீண் செலவு இல்லை, இன்சூரன்ஸ் பிரீமியம்.

சீசன் முடிஞ்சு நிதானமா அடிச்சுக்கலாம்னு சில பேர் சொல்றாங்க. அதுக்குள்ள ஐப்பசி மழை வந்துருமேய்யா!