வேலியும் வலையமைப்பும்

என் சிறுபராயத்தில் வேலணையிலே ஆண்டுதோறும் வேலியடைப்பு நடைபெறும். உக்கிய ஓலைகளைக் களைந்து, பட்டுப்போன கதியால்களுக்குப் பதிலாகப் புதியன நாட்டிப் பனையோலை வரிந்து கட்டுவர். அப்பணி தொடங்குமுன் என் பேரனார் எல்லை முழுவதையும் ஒருமுறை சுற்றி நடப்பார். ஆள் புகுந்து செல்லுமளவுக்கு விடப்பட்ட ஒவ்வொரு பொட்டின் முன்னும் நின்று, “இது ஆருக்கு விட்ட பொட்டு? இப்பவும் அவை வந்து போகினமோ?” என்று கேட்பார். அயலவர் எமது கிணற்றில் நன்னீர் அள்ளுவதற்கென விடப்பட்ட பொட்டு, அவர்கள் குடிபெயர்ந்த பின்னரும் திறந்தே கிடந்ததுண்டு. பின்னர் அவ்வழியே வந்தவை மிளகாய்க் கன்றுகளை மேயும் ஆடுகளே.

பல்லாண்டுகளின் பின் ஒரு நிறுவனத்தின் கணினி வலையமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் மாதத்திலேயே தீச்சுவரின் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். வெளியூர்ப் பொறியியலாளர் ஒருவர் பழுது பார்ப்பதற்கென, “ஒரு வாரத்துக்கு மட்டும்” என்ற குறிப்புடன் திறக்கப்பட்ட வழியொன்று மூன்று ஆண்டுகளாக மூடப்படாதிருந்தது. திறந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவரைக் குறைகூறிக்கொண்டே அதனை மூடினேன். அடுத்த ஆண்டு வேலைப்பளுவைக் காரணங்காட்டி அச்சோதனையைத் தள்ளிப்போட்டேன். அதற்கடுத்த ஆண்டு பார்த்தபோது, மறந்து கிடந்த இரு வழிகளும் நானே திறந்தவையாக இருந்தன. கவலையீனர் மட்டுமன்றிக் கடமையுணர்வுடையோரும் மறப்பர் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இத்தகைய மறதியின் விலை பெரிது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவை, கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அங்கே பயன்பாட்டிலிருந்தது மைக்ரோசொவ்ற் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்பிரலிலேயே முடிவுற்றிருந்தது. இழந்த காலப்பகுதிக்கு, வலையமைப்பினின்றும் பிரித்துவைத்த காப்புப்பிரதியும் இருக்கவில்லை. இவ்விரு குறைகளும் ஒழுங்கான சோதனையின்போது கண்ணுக்குத் தெரியக்கூடியவையே.

அச்சோதனை கடினமானதன்று. இயங்கும் அமைப்பை முன்னர் சேமித்த மூலப்படியுடன் ஒப்பிட்டு, காரணந் தெரியாத மாற்றங்களைக் குறிக்க வேண்டும். விலகியோரின் கணக்குகளை மூட வேண்டும். மென்பொருட் பதிப்புகளைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பொறுப்பாளரின் பெயரையும் முடிவுத் திகதியையும் எழுத வேண்டும். காப்புப்பிரதியை ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தல் நன்று.

நாளை இத்தகைய பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவ நண்பர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் எல்லையைச் சுற்றி நடப்பாராக. பேரனாரின் கேள்வியை முதலில் தாம் திறந்த பொட்டுகளின் முன் நின்று கேட்பாராக.