மஞ்சப்பையின் கணக்கு

குமாரபாளையம்

அன்புள்ள அம்மிணிக்கு,

மஞ்சப்பை எப்படி வந்தது, ஏன் போனது, அரசாங்கம் ஏன் அதைத் திரும்பக் கூப்பிடுகிறது என்று கேட்டிருந்தாய். நீ இருக்கிற டென்மார்க்கில் வெளியான ஆய்வு ஒன்றையும் அனுப்பி, "துணிப்பைதான் பிளாஸ்டிக்கைவிடக் கேடாமே பெரியப்பா" என்று மடக்கியிருந்தாய். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். ஒரு பையின் நன்மை தீமையை, அது எதனால் ஆனது என்பதைவிட, அதை எத்தனை தடவை எடுத்துப் போனோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

காடாத் துணியை மஞ்சளாகச் சாயமேற்றி, கடைப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் அச்சடித்து, வாய்ப்பக்கம் மடித்துத் தைத்து இரண்டு காது வைத்தால் மஞ்சப்பை. மஞ்சள் மங்கலம் என்பதால் ஜவுளிக்கடைக்காரர் முகூர்த்தச் சேலையை அதில் போட்டுக் கொடுத்தார். கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்குமாகத் தாம்பூலப் பையாக அது வந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கியவர் அநேகமாக யாரும் இல்லை. வீட்டில் ஆணியில் தொங்கும் நாலைந்து பைகளே சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வரும். தாலுகா ஆபீசுக்குப் போகிறவர் கக்கத்தில் பட்டா, பத்திரத்தோடு இருக்கும். காது பிய்ந்தால் தைப்பார்கள். தைக்க முடியாமல் போனால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணியாகும். பை தனியாகவும் இயங்கவில்லை. பருப்பு செய்தித்தாள் பொட்டலத்தில் வரும், எண்ணெய்க்குத் தூக்குப்போசி போகும், சோடா குடித்தவர் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவார். பாத்திரம் வாங்குகிறவருடையது, சரக்கு மட்டும் கடைக்காரருடையது என்பதுதான் அன்றைய ஏற்பாடு. இதற்குச் சூழல் அக்கறை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. துணிக்கும் பாத்திரத்துக்கும் விலை இருந்தது, அவ்வளவுதான்.

இன்று நாம் "கவர்" என்று சொல்கிற கைப்பிடிப் பையை வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். செல்லோபிளாஸ்ட் கம்பெனி அதற்கு 1965-ல் காப்புரிமை பெற்றது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவது குறையும், ஒரே பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள் என்பதே அவர் எண்ணம் என்று அவர் மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணத்தில் பிழை இல்லை. ஆனால் பை இலவசமானதும் கணக்கு மாறிவிட்டது. கால் கிலோ தக்காளிக்கு ஒரு கவர், கொத்துமல்லிக்கு இன்னொன்று. வீடு வந்ததும் அதன் ஆயுள் முடிந்தது. கையில் மஞ்சப்பை வைத்திருப்பவனைப் பட்டிக்காட்டான் என்று சினிமா கேலி செய்ததும் இதே காலத்தில்தான்.

அரசு பக்கத்து வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002-ல் பிளாஸ்டிக் தடைக்கு ஒரு மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை. 2018 ஜூன் 5 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தபடி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது.

இனி உன் ஆய்வுக்கு வருகிறேன். 2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட அந்த அறிக்கை, சாதாரணப் பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்கிறது. தினம் ஒரு தடவை என்றாலும் 19 ஆண்டுக்கு மேல் ஆகும். எந்தப் பையும் அவ்வளவு காலம் உழைக்காது. ஆனால் அது எல்லா அளவுகோல்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. எண்ணை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவது ஓசோன் படலத்துக்கான பாதிப்பு. பருவநிலை மாற்றத்தை மட்டும் எடுத்தால் அதே அறிக்கை கேட்பது 52 தடவை. வாரச் சந்தைக்கு ஓர் ஆண்டு எடுத்துப் போனால் கடன் தீர்ந்தது. இன்னொன்றையும் கவனி. உங்கள் ஊரில் பை குப்பைத்தொட்டிக்கு உறையாகி எரிஆலைக்குப் போய்விடும் என்று வைத்துத்தான் கணக்கே போட்டிருக்கிறார்கள். தெருவில் சிதறும் பையைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூரைமேல் பனிச்சறுக்கு விளையாடும்படி எரிஆலை கட்டிய கோபன்ஹேகனுக்கு அது சரி. இங்கே கவர் சாக்கடையை அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, மழை பெய்தால் காவிரிக்கு வந்துவிடுகிறது. டென்மார்க்கின் விடையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

அதற்காக அறிக்கையைத் தூக்கி எறியவும் முடியாது, அதுவும் இந்த ஊரில் இருந்துகொண்டு. துணிக்குச் செலவே இல்லை என்று குமாரபாளையத்துக்காரர் சொன்னால் எதிர்க்கரை பவானிக்காரர்கூடச் சிரிப்பார். பருத்திக்குத் தண்ணீரும் உரமும் வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங், விசைத்தறிக்கு மின்சாரம், நூலுக்குச் சாயம். சாயத்தண்ணீர் ஆற்றில் கலப்பதும், அனுமதியில்லாத பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இடிப்பதும் பல ஆண்டுகளாக இங்கே பழகிப்போன செய்தி. திருப்பூரில் நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்காக 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. ஆகவே விழாவுக்கு விழா புது மஞ்சப்பை அச்சடித்து வினியோகிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எடுத்துப் போக மறந்தவருக்கு இயந்திரம் ஒரு பை தரலாம். ஒவ்வொரு தடவையும் மறந்துவிட்டுப் புதுசு வாங்கினால் அது பத்து ரூபாய்க் கவர், வேறொன்றும் இல்லை. துணிபோல இருக்கிற நான்-ஓவன் பை இன்னும் ஏமாற்று. ஒரு மூலையைத் தீயில் காட்டினால் உருகிச் சொட்டும். பருத்தியாக இருந்தால் சாம்பலாகும். நான்-ஓவன் என்பது பாலிபுரொப்பிலீன். 2019 தடைப் பட்டியலில் அதுவும் உண்டு.

தடை, தள்ளுவண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது என்பார்கள். நியாயமான புகார். 2018 அறிவிப்பிலேயே பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த உறை போடும் கம்பெனிகளை விட்டுவிட்டுக் காய்கறிக்காரரிடம் அபராதம் வாங்குவது சுலபம். மக்கள் பழக்கத்தை மாற்ற முடியாது என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். காட்டில் உடைந்து கிடந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில் கடைக்குத் திரும்பியது. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. குடிகாரருக்கே வருகிற பொறுப்பு குடும்பஸ்தருக்கு வராதா? பத்து ரூபாய் செய்கிற வேலை அது.

எனக்கு உண்மையிலேயே சிக்கலாகத் தெரிவது பை இல்லை, எண்ணெய் வாங்கப் போன தூக்குப்போசிதான். 1998-ல் டெல்லியில், பிரம்மதண்டு விதையெண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு சில்லறையாக எண்ணெய் விற்பதற்குக் கட்டுப்பாடு இறுகியது. 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளும் சமையல் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்கின்றன. அந்த உறை வெறும் குப்பை இல்லை, கலப்படத்துக்குப் போட்ட காவல். அதை எடுக்கவேண்டுமென்றால் ஊருக்கு ஊர் எண்ணெயைச் சோதிக்க ஆளும் ஆய்வுக்கூடமும் வேண்டும். பை தைப்பதைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும் வேலை அது. விழா மேடையில் கையில் எடுத்துக் காட்டவும் வராது. அதனால் பைக்கு ஓர் இயக்கம் வந்தது, போசி பரணிலேயே இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா