அப்பாவின் காபியும் என் ஃபார்வர்டும்

முதல்லயே ஒப்புக்கொள்கிறேன். அந்த ரீலை எங்க ஃபேமிலி குரூப்பில் போட்டது நான்தான்.

ஐந்தாவது செமஸ்டர், ஹாஸ்டல் ரூம், ராத்திரி பன்னிரண்டு மணி. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் சொல்றார்: "நாட்டுச் சர்க்கரையில் இரும்புச்சத்து இருக்கு, கால்சியம் இருக்கு. சுகர் இருக்கிறவங்களும் தாராளமா சாப்பிடலாம்." எங்க அப்பாவுக்கு ஆறு வருஷமா சுகர். காலையில் அரை ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரே ஒரு காபிக்குத்தான் வீட்டில் அனுமதி. பாவமா இருந்துச்சு. அனுப்பிட்டுத் தூங்கிட்டேன்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா, அப்பா ஒரு நாளைக்கு மூணு காபி குடிக்கிறார். ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை. அம்மா கேட்டால், "புள்ளையே அனுப்பியிருக்கு. எஞ்சினியரிங் படிக்குது, தெரியாமலா அனுப்பும்?"

அந்த வாரமே டெஸ்ட். எச்பிஏ1சி 7.2-லிருந்து 8.9-க்குப் போயிருந்தது. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோட இருக்கும். அதில் ஒட்டின சர்க்கரையை அளக்கிற டெஸ்ட் இது, அதனால கடைசி ரெண்டு மூணு மாசக் கதை அதில் தெரிஞ்சிடும். முதல் நாள் பத்தியம் இருந்து ஏமாத்த முடியாது. டாக்டர் திட்டலை. "யார் சொன்னா உங்களுக்கு?"ன்னு மட்டும் கேட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "எங்கேயோ பார்த்தேன் டாக்டர்"னு அப்பா சொன்னார். திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. மாத்திரை டோஸ் கூடுச்சு.

மினி புராஜெக்ட்டுக்குப் பத்து ரூபாய் ஐசி வாங்கினால்கூட, டேட்டாஷீட்டைத் திறந்து எவ்வளவு வோல்டேஜ் தாங்கும்னு பார்த்துட்டுத்தானே சப்ளை கொடுக்கிறோம்? அப்பாவுக்கு நான் அதைக்கூடச் செய்யலை.

உணவுக்கும் டேட்டாஷீட் இருக்குன்னு அன்னிக்கு ராத்திரிதான் தெரிஞ்சது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணை, 528 உணவுப் பொருட்களுக்கு. கரும்பு வெல்லம் 100 கிராமில் கார்போஹைட்ரேட் சுமார் 85 கிராம், இரும்பு 4 மில்லிகிராம் சொச்சம். நாட்டுச் சர்க்கரையும் பொடியா இருக்கிற வெல்லம் மாதிரிதான். ஆக, இரும்பு விஷயத்தில் அந்த மனுஷன் பொய் சொல்லலை! எவ்வளவுன்னுதான் சொல்லலை. அப்பாவோட ஆறு ஸ்பூனை 30 கிராம்னு வெச்சுக்கிட்டா, இரும்பு ஒன்றரை மில்லிகிராம்கூட வராது. ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. அதை முழுசா வெல்லத்திலிருந்தே எடுக்கணும்னா தினம் 400 கிராம் தின்னணும். அந்தத் துளி இரும்புக்காக அப்பா தினமும் 25 கிராம் சர்க்கரையைக் குடிச்சிருக்கார்.

இதுக்கப்புறமும் நான் திருந்தலைங்கிறதையும் சொல்லணும். மறுநாளே எதிர் ரீல் தேடினேன். "வெல்லமும் விஷம்தான்"னு ஒருத்தர் அதே சத்தத்தில் கத்திட்டிருந்தார். எனக்குச் சாதகமா இருந்ததால குரூப்பில் போடப் போனேன். கீழே ஸ்வீட்னர் பொடி வாங்க லிங்க். சந்தேகம் வந்து பழைய ரீலுக்குத் திரும்பிப் போனேன். அங்கே நாட்டுச் சர்க்கரைக்கு லிங்க், கூப்பன் கோடோட. அவர் பெயருக்கு முன்னாடி 'டாக்டர்' இருக்கு, என்ன படிச்சார்னு எங்கேயும் இல்லை. வெள்ளைக் கோட்டு நாமும்தான் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேபில் போட்டோம்.

விற்கிறவங்க எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு சொல்ல வரலை. எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சியும் நாட்டுச் சர்க்கரை விற்கிறவர்தான். "அப்பாவுக்கா? சுகர்காரருக்கு எதுக்குப்பா இது?"ன்னு அம்மாகிட்ட ரெண்டு தடவை கேட்டிருக்கார். அண்ணாச்சி பேச்சை விட்டுட்டு என் பேச்சைக் கேட்டிருக்காங்க.

இப்பல்லாம் 'தாராளமா'ங்கிற வார்த்தை காதில் விழுந்தாலே வீடியோவை நிறுத்திடறேன்.

அப்பா இப்போ சர்க்கரை இல்லாத காபிக்கு மாறிட்டார், முகத்தைச் சுளிச்சுக்கிட்டேதான் குடிக்கிறார். நான்தான் அனுப்பினேன்னு இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. நேத்து அவரே எனக்கு ஒரு வெந்தயத் தண்ணி வீடியோ அனுப்பினார். கீழே ஒரு வரி: "எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு."