இட்டேரியிலிருந்து தார்ச்சாலைக்கு

மவுண்டன் பைக் எனப்படும் மலைமிதிவண்டியை ஓட்டிப் பழகியவர்களுக்குச் சாலைமிதிவண்டி எளிதாக வசப்படும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். கல்லிலும் சேற்றிலும் விழாமல் வந்தவருக்குத் தார்ச்சாலை ஒரு பொருட்டா என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள இட்டேரிகளிலும், கரடுகளிலும், பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் கரைகளிலும் ஆறு ஆண்டுகள் ஓட்டிவிட்டுச் சாலைக்கு வந்தவர்கள் நாங்கள் மூவர். எங்கள் அனுபவம் வேறு.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மலைமிதிவண்டியின் டயர் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமானது. அதில் 30 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றிருந்தால் போதும். கல் இடறினால் டயர் அமுங்கும், மிச்சத்தை முன்பக்க அதிர்வுதாங்கி வாங்கிக்கொள்ளும். சாலைமிதிவண்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. எங்கள் டயர்கள் 28 மில்லிமீட்டர். 75 பிஎஸ்ஐ காற்று வைக்கிறோம். முன்பெல்லாம் 23 மில்லிமீட்டர் டயரில் நூறுக்கு மேல் அடிப்பதுதான் வழக்கம். கரடுமுரடான சாலையில் அகலமான டயர் வேகத்தைக் கெடுப்பதில்லை என்று தெளிந்தபின் பந்தயக்காரர்களே 28க்கு வந்துவிட்டார்கள். சட்டகம் இடங்கொடுத்தால் நம் ஊர்ச் சாலைகளுக்கு 32 இன்னும் நல்லது. டியூபின் வாய் பிரெஸ்டா வகையாக இருக்கும். பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது; பொருத்துவதற்கான சிறு பித்தளை மூடியொன்று எப்போதும் பையில் இருக்கட்டும். வளைந்த கைப்பிடியால் முதல் இரண்டு வாரம் கழுத்தும் உள்ளங்கையும் வலிக்கும். வலி அதற்குப் பிறகும் நீடித்தால் கைப்பிடி எட்டத்தில் இருக்கிறது என்று பொருள். அதைத் தாங்கும் தண்டைக் குட்டையானதாக மாற்றச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் பழகிவிடும். காற்றுதான் எளிதில் பழகாது.

பொள்ளாச்சி, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவக்காற்று நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே புகுந்து வருகிறது. உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகிறவருக்குக் காதில் காற்றின் ஓசையே கேட்காது. மணிக்கு 35 கி.மீ. வேகம் தன் கால்களின் வலிமை என்றே தோன்றும். திரும்பும்போது அதே கால்களுக்கு 18 கிடைத்தால் பெரிது. இட்டேரியில் இதை நாங்கள் உணர்ந்ததில்லை. இருபுறமும் கிளுவை வேலி மறைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வேகமும் 15ஐத் தாண்டியதில்லை. காற்றே அசையாத நாளில்கூட, வேகம் இருமடங்கானால் காற்றை விலக்குவதற்கு வேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகிவிடும்.

நாங்கள் சாலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்களில் மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கரடு ஏறும்போது முந்தியவர்கள் உச்சியில் காத்திருப்பது வழக்கம். அவர் வந்து சேரும்போது மற்ற இருவரும் இளைப்பாறி முடித்துக் கிளம்பத் தயாராக நிற்பார்கள். இளைப்பாறல் அவருக்கு மட்டும் வாய்த்ததில்லை. ஒரு தை மாதம், வண்டியை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். கேட்டதற்கு, "முழங்கால் ஒத்துழைக்கறதில்லைங்க" என்றார். முழங்கால் காரணமில்லை என்பது மூவருக்கும் தெரியும். அவர் எங்களோடு தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காகப் பிறந்ததுதான் சாலை யோசனை.

சாலையில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். அவர் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வருகிறவருக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகிறது. முன்னவர் களைத்ததும் பக்கவாட்டில் விலகி, வேகத்தைத் தளர்த்தி, வரிசையின் கடைசிக்கு வருவார். எங்களில் இளையவர் ஐந்து நிமிடம் முன்னால் நின்றால் மூத்தவர் ஒரு நிமிடம் நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் மற்ற இருவரும் உண்மையாகவே மூச்சு வாங்கிக்கொள்கிறோம். அவரை விட்டுவிட்டுப் போனால் எங்களுக்குத்தான் நட்டம். மலையில் காத்திருப்பது நாங்கள் செய்யும் தயவாக இருந்தது. எதிர்க்காற்றில் அவர் எங்களுக்குத் தேவைப்படுகிறார்.

இதற்கு விலையும் உண்டு. முன்னவரின் பின்சக்கரத்தில் உரசினால் விழுகிறவர் பின்னவர். அவருக்குப் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கலாம். முன்னால் தெரியும் முதுகைத் தவிர அவர் அதிகம் காண முடியாது. ஆகவே முன்னவர் சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. கோடு மாறக் கூடாது. குழியைக் கையால் காட்ட வேண்டும். மணலையும் வேகத்தடையையும் குரல்கொடுத்துச் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் ஒவ்வொருவரும் தம் சக்கரத்துக்கு வழி பார்த்தால் போதும். இங்கே ஒருவர் மூவருக்காகப் பார்க்கிறார். நெரிசலற்ற சாலையில், ஒரு வண்டி நீள இடைவெளியில் தொடங்குங்கள். எங்களுக்கு அது ஒரு முழமாகக் குறைய நான்கு மாதங்கள் பிடித்தன. தலைக்கவசமும் பின்விளக்கும் இல்லாமல் கிளம்புவதில்லை. காற்று வலுத்து லாரிகள் பெருகுமுன், பத்து மணிக்குள் வீடு வந்துவிடுகிறோம்.

மூத்தவரின் தந்தை கோமங்கலத்திலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிளில் வெல்ல மூட்டை ஏற்றிப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர். மேற்கு நோக்கிய அந்தப் பயணத்தில் ஆடிக் காற்றுக்கு நான்கைந்து பேர் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டி, முறைவைத்து முன்னால் மிதிப்பார்களாம். இதை அவர் ஒருநாள் உடுமலைத் தேநீர்க் கடையில் சொன்னார். வண்டியை விற்கும் பேச்சு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

மலையிலிருந்து சாலைக்கு வர நினைக்கும் நண்பர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது வண்டியின் விலையைத்தான். யாருடன் ஓட்டப்போகிறீர்கள் என்பதை அதற்கு முன் முடிவுசெய்துகொள்ளுங்கள்.