அல்லிராணி வாழாத கோட்டை

மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக் கடற்கரையில் நிற்கும் பாழ்மாளிகையை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பர். ஆனால் அதைக் கட்டுவித்தவர் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த். 1801–1804இல், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட.

படம் எடுப்பதென்றால் அஸருக்குப் பின் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் சாந்து உதிர்ந்த சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் தனித்துத் தெரியும். கரை இடிந்து ஒரு பகுதி கடலில் விழுந்துவிட்டது. அரிப்பு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

இந்த முசலிப் பகுதி முஸ்லிம்களுக்கு இடிந்த சுவர் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டவர்கள் 2009இன் பின் திரும்பியபோது கிராமங்களைக் காடு மூடியிருந்தது. ராணி வாழாத மாளிகையைப் பலரும் படமெடுக்கிறார்கள். உம்மாமார் சோறாக்கிய அடுப்படிச் சுவர்களை எடுத்தவர் குறைவு. எஞ்சியவற்றையும் எடுங்கள். யாருடைய வளவு என்று மூத்தவர்களிடம் கேட்டு, படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.